யார் ரூமு ஒண்ணாம் நம்பர்?

சுகிர்தா: இப்ப ஆயிரத்து இருநூத்தி எழுபத்தாறு.

ஹரிஹரன்: என்னது?

சுகிர்தா: டிகிரி.

ஹரிஹரன்: எந்த ரூமு?

சுகிர்தா: மூணாவது… இருங்க, அதுவும் போயிருச்சு. வெறும் கோடுதான் நிக்குது.

ஹரிஹரன்: ஆயிரத்து இருநூறுன்னா உள்ள இருக்கற வஞ்சிரமெல்லாம் இந்நேரம் திருநீறு ஆயிருக்கணும் சுகி. நான் கதவுக்கு வெளியில நிக்கறேன், எனக்கே பல்லு தந்தி அடிக்குது.

சுகிர்தா: ஜோக் அடிக்காதீங்க. மணி பதினொண்ணே கால்.

ஹரிஹரன்: அடிக்கலேன்னா அழணும். போன்ல அழுதா உனக்குத்தான் கேக்க நல்லா இருக்காது.

சுகிர்தா: நாலு மணிக்கு அந்த ஏற்றுமதிக் கம்பெனி ஆபீசர் வந்து இந்த ஸ்கிரீன் முன்னாடி நிப்பாரு. நாலு ஃப்ரீசர் ரூமும் நாலு வரியில மைனஸ் பதினெட்டுன்னு காட்டணும். காட்டலேன்னா இந்த வருஷம் இங்கேருந்து ஒரு மீனு எடுக்க மாட்டாங்க. காலையில பங்காளிங்கள்ல பூமிநாதன் அண்ணன் மட்டும் வந்தாரு, என்ன சொன்னாரு தெரியுமா?

ஹரிஹரன்: என்ன?

சுகிர்தா: ஒண்ணுமே சொல்லல. அதான் பயமா இருக்கு. நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தாரு. ஸ்கிரீனைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு, சுவத்துல அம்மன் படத்தைப் பாத்தாரு. டீ குடிக்க எந்திரிச்சுப் போயிட்டாரு. போறப்ப மட்டும், "இந்த சென்சார் வேலைக்குக் கேட்டாங்களே, அந்தப் புதுச்சேரிக்காரங்க நம்பர் இன்னும் வெச்சிருக்கியாம்மா"ன்னாரு.

ஹரிஹரன்: ஒண்ணும் சொல்லலேன்னியே.

சுகிர்தா: நாலு பங்காளியும் உக்காந்திருந்த கூட்டத்துல, "வெளியூர்க்காரங்க எதுக்குங்க, எங்க வீட்டுக்காரரே செய்வாரு"ன்னு எந்திரிச்சு சொன்னவ நானு. வேலைக்குச் சேந்து எட்டு மாசம்தான் ஆவுது. இது வரலேன்னா நீங்க நம்ம ஊரு கோவில்பத்துல போயி ஃபேன் மாட்டிக்குவீங்க. நாளைக்கு இதே நாற்காலியில உக்காந்து இதே நாலு மூஞ்சியைப் பாக்கப்போறது நானு.

ஹரிஹரன்: …புரியுது.

சுகிர்தா: சும்மா புரியுதுன்னு சொல்லாதீங்க.

ஹரிஹரன்: இல்லம்மா, நெசமாவே. டெஸ்டரைக் கீழ வெச்சிட்டு சொல்றேன்.

சுகிர்தா: இன்னொரு போன்ல அலியைப் பிடிச்சிருக்கேன். ஜவஹர் அலி. என்கூட டிப்ளமோ படிச்சவன், இப்ப ஒரு ஃபேக்டரியில இந்த மாதிரி சென்சார் வேலைதான் பாக்கறான்.

ஹரிஹரன்: உன் ரெக்கார்டு நோட்டை வாங்கிட்டுத் திருப்பியே தராதவனா?

சுகிர்தா: நான்தான் அவன் நோட்டை வாங்கிட்டுத் தரல.

ஹரிஹரன்: அப்ப நல்லவன்தான்.

சுகிர்தா: அவன் கேக்கறதை உங்ககிட்ட கேக்கறேன், நீங்க சொல்றதை அவன்கிட்ட சொல்றேன். நடுவுல எதையும் சேக்காதீங்க. ஒயரு எப்படிப் போட்டிருக்கீங்கன்னு கேக்கறான்.

ஹரிஹரன்: அழகா போட்டிருக்கேன்.

சுகிர்தா: என்னங்க…

ஹரிஹரன்: சரி சரி. உன் கம்ப்யூட்டர்ல சொருகியிருக்கற குட்டிப் பெட்டியில ரெண்டு ஸ்குரூ இருக்குல்ல, அங்கேருந்து சுவத்துல ஒரு பெரிய பெட்டி. பெரிய பெட்டியில இருந்து ஒவ்வொரு ரூமுக்கும் தனித்தனியா ஒயரு. நாலு ரூமு, நாலு ஒயரு. ஒவ்வொரு ரூமு கதவுக்குப் பக்கத்துலயும் ஒரு சென்சார். வீட்டு ஒயரிங்கு மாதிரி, ஒண்ணு போனா இன்னொண்ணு போவாது.

சுகிர்தா: …

ஹரிஹரன்: என்ன சொல்றான்?

சுகிர்தா: ஒண்ணும் சொல்லல.

ஹரிஹரன்: லைன் கட்டா?

சுகிர்தா: இல்ல, மூச்சு விடறது கேக்குது.

ஹரிஹரன்: சிரிக்கிறானா?

சுகிர்தா: அவன் அப்படியெல்லாம் சிரிக்கிற ஆளு இல்ல… இப்ப சிரிக்கிறான்.

ஹரிஹரன்: சிரிச்சு முடிச்சதும் சொல்லு. நான் இங்கயேதான் உறைஞ்சு நிப்பேன்.

சுகிர்தா: அவன் சொல்றான், இது கரண்டு சப்ளை இல்லியாம், பேச்சாம். எல்லா சென்சாரும் ஒரே ஜோடிக் கம்பியிலதான் வரிசையா தொங்கணுமாம். கம்ப்யூட்டரு ஒவ்வொரு நம்பரா கூப்பிடுமாம். எந்த நம்பரைக் கூப்பிடுதோ அது மட்டும் பதில் சொல்லணும், மத்ததெல்லாம் வாயை மூடிக்கிட்டுக் கேக்கணும்.

ஹரிஹரன்: நல்ல ஏற்பாடு. எங்க விழிதியூரு சொந்தக்காரங்க கல்யாணப் பேச்சுக்கு இதுல ஒரு செட்டு வாங்கிப் போடலாம்.

சுகிர்தா: உங்க சென்சாருக்கெல்லாம் என்ன நம்பர் வெச்சிருக்கீங்கன்னு கேக்கறான்.

ஹரிஹரன்: கேக்கலம்மா… காத்தடிக்குது.

சுகிர்தா: நாலு பக்கமும் சுவரு, அங்க ஏதுங்க காத்து? நம்பர் என்ன?

ஹரிஹரன்: பூமிநாதன் அண்ணன் ரூமுக்கு ஒண்ணு.

சுகிர்தா: சரி.

ஹரிஹரன்: குஞ்சம்மா அக்கா ரூமுக்கு… ஒண்ணு.

சுகிர்தா: ரெண்டுன்னு சொல்றீங்களா?

ஹரிஹரன்: ஒண்ணுன்னுதான் சொல்றேன். சிவபாலனுக்கும் ஒண்ணு. அந்த வினிதாப் பொண்ணுக்கும் ஒண்ணு.

சுகிர்தா: நாலும் ஒண்ணா?

ஹரிஹரன்: நாலும் ஒண்ணு.

சுகிர்தா: கடவுளே… அதான், கம்ப்யூட்டரு "ஒண்ணு"ன்னு கூப்பிட்டா நாலும் ஒரே நேரத்துல கத்துது. மீன் மார்க்கெட்டு மாதிரி. அதுக்கு என்ன காதுல விழும், ஆயிரத்து இருநூறுதான் விழும்… கடையில வர்றப்பவே அப்படி இருந்துச்சா?

ஹரிஹரன்: ம்… ஆமா. வர்றப்பவே.

சுகிர்தா: வர்றப்ப பூஜ்யம்தான் இருக்குமாம். அலி சொல்றான். வெள்ளையா பல்லு மாதிரி சுவிட்ச் இருக்குமாம், யாராவது கை வெச்சாத்தான் ஒண்ணாவுமாம். யாரு கைங்க வெச்சது?

ஹரிஹரன்: என் கைதான்.

சுகிர்தா: டப்பாவுல பேப்பர் இருந்துச்சே, படிக்கலியா?

ஹரிஹரன்: எறும்பு எழுதின மாதிரி எழுத்து.

சுகிர்தா: ஸ்கிரீன்லயும் நாலு வரியும் ஒண்ணாம் நம்பரைத்தான் கூப்பிடுது. நேத்து நீங்கதான் உக்காந்து பண்ணிட்டுப் போனீங்க. மறதின்னா ஒரு தடவை மறக்கலாம், எட்டு தடவையா?

ஹரிஹரன்: மறதி இல்லம்மா. கேட்டாங்க.

சுகிர்தா: யாரு?

ஹரிஹரன்: நாலு பேரும். தனித்தனியா வந்தாங்க. பூமிநாதன் அண்ணன் வந்து ஏணியைப் பிடிச்சிக்கிட்டு, இந்தக் கரையில முதல் விசைப்படகு எங்க அப்பாவுதுதான் தம்பின்னு ஆரம்பிச்சு, படகுக்கு என்ன கலர் அடிச்சாங்கங்கற வரைக்கும் சொல்லிட்டு, நம்ம ரூமுதானே ஒண்ணாம் நம்பர்னாரு. ஏணியை அவருதான் பிடிச்சிட்டிருந்தாரு. நான் மேல இருந்தேன். என்ன சொல்லச் சொல்றே?

சுகிர்தா: …அப்புறம்?

ஹரிஹரன்: குஞ்சம்மா அக்கா நெத்திலி வறுத்து டப்பாவுல கொண்டாந்தாங்க. தின்னு முடிச்சப்புறம் கேட்டாங்க. சிவபாலன் பைக்குல பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட்டிட்டுப் போயி டீ வாங்கிக் குடுத்துக் கேட்டான். அந்த வினிதா ஒண்ணுமே பண்ணல. "எங்கப்பா இருந்தா கேட்டிருப்பாரு"ன்னு சொல்லிட்டு ஸ்குரூடிரைவரை எடுத்து என் கையில குடுத்துச்சு. நான் என்ன கல்லா?

சுகிர்தா: அதுக்காக நாலு பேருக்கும் தலையாட்டுவீங்களா? ஒருத்தருக்காவது முடியாதுன்னு சொல்லத் தெரியாதா?

ஹரிஹரன்: எனக்கு ஒண்ணுதான் புரியல சுகி. சென்சாருக்கு நம்பர் உண்டுன்னே டப்பாவைப் பிரிச்சப்பதான் எனக்குத் தெரியும். கடல்ல வலை போடறவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?

சுகிர்தா: …அலி காத்துக்கிட்டிருக்கான்ங்க. அதெல்லாம் அப்புறம் பேசலாம். எல்லா ஒயரையும் பெரிய பெட்டியில கழட்டிட்டு ஒண்ணை மட்டும் மாட்டச் சொல்றான்.

ஹரிஹரன்: வர்றேன்… இந்தா, ஆபீஸ் சுவத்துக்குப் பின்னாடிதான் நிக்கறேன், பெட்டியைத் தொறந்துட்டேன். மூணைக் கழட்டியாச்சு. குஞ்சம்மா அக்காவுது மட்டும் இருக்கு. பாரு.

சுகிர்தா: வந்துருச்சுங்க. மைனஸ் பதினெட்டு புள்ளி நாலு. அசையாம நிக்குது… அய்யோ, நாலு ரூமும் வந்துருச்சு. நாலுமே பதினெட்டு புள்ளி நாலு.

ஹரிஹரன்: நாலுமா? மூணு ஒயரு என் கையில இருக்கே.

சுகிர்தா: ஓ… நாலு வரியும் அதே ஒண்ணாம் நம்பரைத்தானே கேக்குது. ஒரே ஆளு நாலு தடவை பதில் சொல்றான்.

ஹரிஹரன்: பாக்க எப்படி இருக்கு?

சுகிர்தா: பாக்க… அம்சமா இருக்கு.

ஹரிஹரன்: சுகி, நீ நெனைக்கறதைத்தான் நானும் நெனைக்கறேனா?

சுகிர்தா: அப்படியே விட்டா நாலு மணிக்கு ஆபீசருக்கு நாலு வரி அழகா இருக்கும்.

ஹரிஹரன்: சிவபாலன் ரூம்ல மோட்டார் நின்னு மீனெல்லாம் நாறினாலும், ஸ்கிரீன்ல குஞ்சம்மா அக்கா மீனுதான் நல்லா இருக்கேன்னு சொல்லிட்டிருக்கும்.

சுகிர்தா: அதை எவனோ வெளிநாட்டுல வாங்கித் தின்பான்.

ஹரிஹரன்: வேணாம்.

சுகிர்தா: வேணாங்க. நானும் அதான் சொல்ல வந்தேன்.

ஹரிஹரன்: சொல்ல வந்தே. வழியில கொஞ்சம் நின்னே.

சுகிர்தா: நீங்களும்தான். சரி, நம்பரை மாத்துங்க. அலி சொல்றான், முதல் பல்லு மட்டும் மேல இருந்தா ஒண்ணு. ரெண்டாவது மட்டும்னா ரெண்டு. முதலும் ரெண்டாவதும்னா மூணு. மூணாவது மட்டும்னா நாலு. மாத்தினதும் ஒரு தடவை கரண்டை அணைச்சுப் போடணும்.

ஹரிஹரன்: அது கெடக்கட்டும். யாருக்கு ஒண்ணு?

சுகிர்தா: நீங்க சொல்லுங்க.

ஹரிஹரன்: நீ சொல்லு. உன் ஆபீசு.

சுகிர்தா: உங்க ஒயரு.

ஹரிஹரன்: யாருக்கு ரெண்டு குடுத்தாலும் அவங்க நாலு மணிக்கு ஸ்கிரீன் பக்கத்துலயே நின்னு, "இது சரியில்ல"ன்னு ஆபீசர்கிட்டயே சொல்லுவாங்க. இந்த நம்பரை வெச்சு அவங்க நாலு பேருக்குள்ள ஒரு வருஷத்துக்குப் பேச்சுவார்த்தையே நின்னுரும்.

சுகிர்தா: மெதுவா பேசுங்க… வாங்கக்கா. உக்காருங்க.

குஞ்சம்மாள்: யாருக்கிட்ட பேசிட்டிருக்கே, உன் வீட்டுக்காரன்கிட்டயா? ஸ்பீக்கர்ல போடு. ஏம்ப்பா, நெத்திலி நல்லா இருந்துச்சா?

ஹரிஹரன்: நல்லா இருந்துச்சுக்கா. அதான் இப்ப தொண்டையில நிக்குது.

குஞ்சம்மாள்: என்னாச்சு? ஸ்கிரீன்ல நாலும் ஒரே மாதிரி காட்டுது?

சுகிர்தா: அக்கா… நாலு ரூமுக்கும் ஒரே நம்பர் வெச்சிட்டாருக்கா. மாத்தணும். ஒருத்தருக்குத்தான் ஒண்ணு குடுக்க முடியும்.

குஞ்சம்மாள்: நாலு பேருக்கும் ஒண்ணு குடுத்தியா நீ?

ஹரிஹரன்: நாலு பேரும் கேட்டாங்கக்கா.

குஞ்சம்மாள்: பூமிநாதன் கேட்டானா? மூஞ்சியை எப்படி வெச்சிட்டுக் கேட்டான்?

ஹரிஹரன்: ஏணியைப் பிடிச்சிட்டுக் கேட்டாரு.

குஞ்சம்மாள்: பாத்தியா. இங்க பாரு தம்பி, எனக்கு ஒண்ணு வேணும்னு நான் ஒத்தைக்கால்ல நிக்கல. பூமிநாதனுக்குக் கெடைக்கக் கூடாது. அவ்வளவுதான் என் வழக்கு.

சுகிர்தா: அவருக்கும் அதேதாங்கக்கா இருக்கும்.

குஞ்சம்மாள்: இருக்கும். அவனை எனக்குத் தெரியாதா.

ஹரிஹரன்: அப்ப யாருக்குமே ஒண்ணு இல்லேன்னு சொன்னா?

குஞ்சம்மாள்: யாருக்கும் இல்லேன்னா சண்டை எங்கேருந்து வரும். அது எங்களுக்குப் பழக்கம்தானே. எங்க நாலு படகுல எது வந்தாலும் முதல் கூடை யாருக்கும் கெடையாது, அம்மனுக்கு எடுத்து வெச்சிட்டுத்தான் ஏலம்.

சுகிர்தா: …என்னங்க.

ஹரிஹரன்: கேட்டேன்.

சுகிர்தா: அஞ்சாவதா ஒரு சென்சார் வந்துச்சே, உபரியா.

ஹரிஹரன்: அலமாரியில மேல் தட்டுல இருக்கு.

சுகிர்தா: இங்க அம்மன் படத்துக்குக் கீழ ஒரு ஆணி சும்மாதான் இருக்கு. அதை அங்க மாட்டுங்க. ஒண்ணாம் நம்பர் அம்மனுக்கு. ரூமெல்லாம் ரெண்டுல இருந்து.

குஞ்சம்மாள்: ரெண்டு யாருக்குன்னு பூமிநாதன் கேப்பான்.

ஹரிஹரன்: என்ன சொல்லட்டும்க்கா?

குஞ்சம்மாள்: முதல் கூடைக்கு அப்புறம் கூடையெல்லாம் கூடைதான்னு சொல்லு. இல்ல, நீ சொல்லாதே, ஏணி ஏறுற ஆளு. நானே போயி சொல்லிக்கறேன். மத்த ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போறேன்… வர்றேம்மா.

சுகிர்தா: போயிட்டாங்க. சீக்கிரம் மாத்துங்க, ஸ்கிரீன்ல நான் மாத்திக்கறேன். வாசல்ல இருந்து வரிசையா ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. அஞ்சுக்கு முதல் பல்லும் மூணாவது பல்லும்.

ஹரிஹரன்: ஒண்ணும் நாலும் அஞ்சு. கூட்டல் கணக்குதான் இது. எங்க வாத்தியாரு இப்படிப் பல்லைக் காட்டிச் சொல்லிக் குடுத்திருந்தா நானும் டிப்ளமோ படிச்சிருப்பேன்… மாத்தியாச்சு. அம்மனுக்கும் மாட்டியாச்சு. அஞ்சு ஒயரையும் ஸ்குரூவுல ஏத்திட்டேன். பாரு.

சுகிர்தா: வருது… அம்மன் முப்பத்தி மூணு. ரெண்டு வருது. மூணு வருது. நாலு… வந்துச்சு, போயிருச்சு. அஞ்சு வரவேயில்ல. இப்ப ரெண்டும் போச்சு. கம்ப்ரசர் ஓட ஆரம்பிச்சதும் எல்லாமே தடுமாறுதுங்க.

ஹரிஹரன்: இனிமே என்னா. நம்பரெல்லாம்தான் வேற வேற ஆச்சே.

சுகிர்தா: அலி கேக்கறான், டப்பாவுல குட்டியா ஒரு ரெசிஸ்டர் இருந்திருக்குமே, அதை எதுலல்லாம் போட்டீங்க?

ஹரிஹரன்: நாலு டப்பாவுல நாலு இருந்துச்சு. நாலு ரூமுலயும் போட்டேன். ஒருத்தருக்குப் போட்டு இன்னொருத்தருக்கு விட்டா நல்லாவா இருக்கும்?

சுகிர்தா: அது விருந்துல அப்பளமாங்க? ஒயரு எங்க முடியுதோ அந்தக் கடைசி சென்சார்ல மட்டும்தான் போடணுமாம். எல்லாத்துலயும் போட்டா பேச்சு வலுவில்லாம போயிடுமாம். ஒயரையும் நாலு கிளையா விடாம, ஒண்ணுல போயி அதுலேருந்து அடுத்ததுன்னு ஒரே வழியா போகச் சொல்றான். நீங்க போட்டிருக்கறது மரம், அது கொடியா இருக்கணும்ங்கறான்.

ஹரிஹரன்: அப்ப ரூமுக்கு ரூமு புதுசா ஒயரு இழுக்கணும். பூமிநாதன் அண்ணன் ரூமு வழியா சிவபாலனுக்கு, சிவபாலன் வழியா வினிதாவுக்கு. மணி என்ன?

சுகிர்தா: ஒண்ணே முக்கால்.

ஹரிஹரன்: சுவத்துல ஓட்டை போடவே நாலு மணி ஆயிரும். அதோட, நம்பரையாவது அம்மன் பேரைச் சொல்லி முடிச்சிட்டோம். "அவன் ரூமுக்குப் போயிட்டு மிச்சம்தான் என் ரூமுக்கு வருதா"ன்னு வராண்டாவுல நின்னு பாத்துட்டே கேப்பாங்க.

சுகிர்தா: …புதுச்சேரிக்காரங்களுக்குப் போன் பண்ணிரட்டுமாங்க? கோவமா கேக்கல. நெசமாத்தான் கேக்கறேன். பரவால்லங்க, நான் சொல்லிக்கறேன்.

ஹரிஹரன்: இரு. இந்த ஒயருல உள்ள நாலு கம்பி இருக்கு.

சுகிர்தா: ரெண்டுதானே வேணும்?

ஹரிஹரன்: ரெண்டுதான் வேணும். கடையில ரெண்டு கம்பி இல்ல, நாலுதான் இருக்குன்னான், சரின்னு வாங்கிட்டேன். நீலமும் வெள்ளையும் மாட்டினேன். பச்சையும் பழுப்பும் ரெண்டு பக்கமும் சும்மா மடிச்சு வெச்சிருக்கேன்… மாடிப்படி லைட்டு இருக்குல்ல?

சுகிர்தா: எந்த மாடிப்படி?

ஹரிஹரன்: எந்த வீடாவது. கீழயும் ஒரு சுவிட்ச், மேலயும் ஒரு சுவிட்ச். கம்பி மேல போயி கீழ திரும்பி வரும். ஒரே பைப்புக்குள்ளதான் போகும், வரும். அலியைக் கேளு… நீலம் வெள்ளையில ரூமுக்குப் போயி, சென்சார்ல தொட்டு, பச்சை பழுப்புல இந்தப் பெட்டிக்கே திரும்பி வந்து, அங்கேருந்து அடுத்த ரூமோட நீலம் வெள்ளையில போனா என்ன? வெளியில பாத்தா ரூமுக்கு ஒரு தனி ஒயரு. உள்ள பாத்தா ஒரே ஒயரு.

சுகிர்தா: சொல்றேன், இருங்க…

ஹரிஹரன்: சிரிக்கிறானா?

சுகிர்தா: பேசல.

ஹரிஹரன்: மறுபடியுமா.

சுகிர்தா: "மாஷா அல்லாஹ்"ங்கறான்.

ஹரிஹரன்: அப்படின்னா சரியா, தப்பா?

சுகிர்தா: சரிங்கறான். தாராளமா பண்ணலாமாம். அவனுக்கே தோணலியாம். சீக்கிரம் பண்ணுங்க.

ஹரிஹரன்: அவன்கிட்ட நோட்டைத் திருப்பிக் குடுத்துரு சுகி. நல்ல பையன்.

சுகிர்தா: ஏணியில ஏறுங்க மொதல்ல.

*

ஹரிஹரன்: நல்லா உக்காந்தியா? வண்டியை எடுக்கட்டா?

சுகிர்தா: எடுங்க. நீங்க எங்க போயி ஒளிஞ்சிக்கிட்டீங்க? ஆபீசர் வந்த உடனே ஆளைக் காணோம்.

ஹரிஹரன்: ஒளியல. கம்ப்ரசர் பின்னாடி முக்கியமான வேலை இருந்துச்சு. கண்ணை மூடிக்கிட்டு நின்னுட்டிருந்தேன்.

சுகிர்தா: அப்ப ஒண்ணும் பாக்கலியா?

ஹரிஹரன்: சத்தம்தான் கேட்டுச்சு. திடீர்னு நாலு பேரும் ஒண்ணா கத்தினாங்க. சரி, வண்டிச் சாவி எந்தப் பாக்கெட்டுல இருக்குன்னு தடவிப் பாத்தேன்.

சுகிர்தா: கத்தலீங்க. அவரு வந்தாரு, கண்ணாடியைப் போட்டாரு, முதல் வரியைப் பாத்தாரு, பேனாவைக் கீழ வெச்சிட்டாரு. "முப்பத்தி மூணு டிகிரியில மீனு வெச்சிருக்கீங்களா"ன்னாரு. நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள நாலு பேரும் சேந்து, "அது அம்மனுதுங்க"ன்னாங்க.

ஹரிஹரன்: நாலு பேருமா? பூமிநாதன் அண்ணனுமா?

சுகிர்தா: அவருதான் கொஞ்சம் முந்தி சொன்னாரு.

ஹரிஹரன்: அதுல ஒண்ணாம் நம்பர் எடுத்துட்டாரா.

சுகிர்தா: ஆபீசர் படத்தைப் பாத்தாரு. செருப்பைக் கழட்டி வெளியில விட்டுட்டு வந்தாரு. அப்புறம், "வெளி வெப்பத்தையும் சேத்துப் பதிவு பண்றீங்க போல, யாரும் பண்றதில்ல"ன்னு எழுதிக்கிட்டாரு. அப்புறம் வினிதா ரூமுக் கதவைத் தொறந்து வைக்கச் சொன்னாரு. ஸ்கிரீன்ல அந்த ஒரு வரி மட்டும் பதினேழு, பதினாறுன்னு ஏறுச்சு. மத்ததெல்லாம் அசையல. கதவை மூடினதும் இறங்குச்சு. எடுத்துக்கறோம்னு சொல்லிட்டாரு. பெட்டியைத் தொறந்துகூடப் பாத்தாரு.

ஹரிஹரன்: என் ஒயரையா?

சுகிர்தா: "யாரு பண்ணினது"ன்னு கேட்டாரு. பூமிநாதன் அண்ணன் என்னைக் காட்டி, "இந்தப் பொண்ணோட வீட்டுக்காரரு, கோவில்பத்து"ன்னாரு. நான் தரையைப் பாத்துட்டு நின்னேன்.

ஹரிஹரன்: ஏன், சிரிப்பா?

சுகிர்தா: அழுகை வந்துச்சு. சும்மா இருங்க.

ஹரிஹரன்: சரி.

சுகிர்தா: …என்னங்க.

ஹரிஹரன்: ம்.

சுகிர்தா: வண்டியை ஓரமா நிறுத்துங்க… இல்ல, வேணாம், ஓட்டுங்க. முகத்தைப் பாத்தா சொல்ல வராது.

ஹரிஹரன்: என்ன, நோட்டு விஷயமா?

சுகிர்தா: அன்னைக்குக் கூட்டத்துல நான் எந்திரிச்சு சொன்னேன்ல, யாரும் ஒத்துக்கல. வீட்டு ஒயரிங்கு பண்றவர்கிட்ட இதைக் குடுக்கறதான்னு கேட்டாங்க. நாலு பேர்ல ஒருத்தர் வேணாம்னாலும் புதுச்சேரிக்குத்தான் போயிருக்கும். நீங்க வேற அந்த வாரம் வேலையில்லாம ஒரே ஃபேனைக் கழட்டிக் கழட்டி மாட்டிட்டிருந்தீங்க. எனக்குப் பாக்க முடியல.

ஹரிஹரன்: அது சத்தம் போட்டுச்சு.

சுகிர்தா: சத்தமே போடல. அதனால… மறுநாள் ஒவ்வொருத்தரும் தனியா இருக்கறப்ப போயி சொன்னேன். கம்பெனிக்காரங்க அவங்க இஷ்டத்துக்கு நம்பர் போடுவாங்க, எங்க வீட்டுக்காரர் பண்ணினா உங்க ரூமுதான் ஒண்ணாம் நம்பர்னு. அலிதான் எப்பவோ சொல்லியிருந்தான், சென்சாருக்கெல்லாம் நம்பர் உண்டுன்னு.

ஹரிஹரன்: நாலு பேர்கிட்டயுமா?

சுகிர்தா: நாலு பேர்கிட்டயும். வெறும் நம்பர்தானே, யாரு கேக்கப் போறாங்கன்னு நெனச்சேன். அவங்க உங்ககிட்டயே வந்து நிப்பாங்கன்னு தெரியாது. காலையில இருந்து உங்களைத்தான் வாய்க்கு வந்தபடி பேசினேன், தலையாட்டினீங்க, முடியாதுன்னு சொல்லத் தெரியாதான்னு… ஏதாவது பேசுங்களேன். திட்டவாவது திட்டுங்க.

ஹரிஹரன்: தெரியும்மா. நாலு பேரும் அதைச் சொல்லித்தானே கேட்டாங்க, உன் வீட்டம்மா வாக்குக் குடுத்திருக்கான்னு. அந்தப் பேப்பரையும் ரெண்டு தடவை படிச்சேன், ஒவ்வொண்ணுக்கும் வேற நம்பர்னு முதல் பக்கத்துலயே போட்டிருந்தான். தனித்தனியா ஒயரு இழுத்துட்டா, நாலு தெருவுலயும் ஒரு ஒண்ணாம் நம்பர் வீடு இருக்கற மாதிரி எப்படியாவது ஓடிரும்னு பாத்தேன்… யாருக்கு ரெண்டு போட்டாலும், நீ பொய் சொன்னதா ஆயிடும்ல.